"எங்கிட்ட சொல்லலியே, சாமி"

(பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை.)



இன்றைய நற்செய்தி மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலிருந்து ஆறே வசனங்கள். தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும், அவர் செவிகொடுக்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் திருச்சபையிடம் சொல்ல வேண்டும் என்று ஆண்டவர் அதில் வழி காட்டுகிறார். இந்தப் பகுதியை வைத்துப் பல ஆண்டுகளாக மறையுரை ஆற்றியிருக்கிறேன். அண்ணன் தம்பி வரப்புச் சண்டை, மாமியார் மருமகள் மனத்தாங்கல், அன்பியத்தில் இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருப்பது என்று இவற்றைத்தான் உதாரணமாகச் சொல்லி வந்தேன். ஆனால் நம்மில் பலர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடுவது வீட்டிலோ கோவிலிலோ அல்ல, வேலை செய்யும் இடத்தில். அந்த இடத்தை இந்த வசனங்களின் பக்கம் நான் கொண்டுவந்ததே இல்லை. இந்த முறை கொண்டுவரக் காரணம், என்னைத் தேடி வந்த ஒரு கடைக்காரர்.

அவர் பங்கு இல்லத்துக்கு வந்து பேசினார். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அதில் கேட்டதை எந்தக் குருவும் வானொலியில் சொல்லமாட்டார், நீங்கள் பயப்பட வேண்டாம். இதைச் சொல்ல அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். அவருக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், பெயிண்ட், குழாய் சாமான் எல்லாம் கிடைக்கும். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவர் இருபத்திரண்டு வருடமாக இருப்பவர். எந்த அலமாரியில் எந்த அளவு கீல் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். ஆனால் காலை ஒன்பதரைக்கு வர வேண்டியவர் பதினொன்றுக்கு வருகிறார். வாடிக்கையாளர் ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்டால் எரிந்து விழுகிறார். புதிதாகச் சேரும் பையன்களை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசுகிறார். ஒரே வருடத்தில் ஐந்து பையன்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.

"சாமி, அவன் இருந்தா கடை நாறுது, போனா கடை நிக்குது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அதான் பாக்கும்போதெல்லாம் ஏசுறேனே சாமி."

"ஏசுறது இருக்கட்டும். என்ன வார்த்தை சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நீ திருந்தவே மாட்டன்னு சொல்லுவேன். இந்தக் கடைய மூடுறதுக்குன்னே வந்திருக்கன்னு சொல்லுவேன்." பிறகு அவரே மெதுவாக, "நேரத்துக்கு வான்னு உக்கார வச்சுச் சொன்னதில்ல" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் என் மனம் வேறொரு ஊருக்கும் வேறொரு காலத்துக்கும் போய்விட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் நான் மேலே பேசினால் நேர்மையாக இருக்காது.

நான் முதன்முதலில் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்றபோது எனக்கு முப்பத்தொரு வயது. அந்தக் கோவிலில் பதினான்கு வருடமாக ஒருவர் கோவில்பிள்ளையாக இருந்தார். காலை ஐந்தரை பூசைக்கு ஐந்து மணிக்கு முதல் மணி அடிக்க வேண்டும். ஒரு நாள் ஐந்துக்கு அடிப்பார், மறுநாள் ஐந்தேகாலுக்கு அடிப்பார், சில நாள் நான் உடை அணிந்து நிற்கும்போதுதான் அடிப்பார். கல்யாண வீட்டாரிடம் கார்பெட் விரிக்கத் தனியாகக் காசு கேட்கிறார் என்று புகார் வந்தது. முகத்தில் எப்போதும் ஒரு கடுப்பு. இதையெல்லாம் நான் இரண்டு வருடம் பார்த்தேன். பங்குப் பேரவையில் சொன்னேன். பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் போனில் சொன்னேன். ஒருமுறை ஆயரிடம்கூடச் சொன்னேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் புண்படுமே என்று பொறுமையாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்தச் சங்கடமான ஐந்து நிமிடத்தைச் சந்திக்கத் துணிவில்லை.

திருவிழாக் கொடியேற்றத்தன்று மாலை, ஊரே கோவில் முற்றத்தில் நிற்கிறது, சிறப்பு விருந்தினராக வந்த குரு காத்திருக்கிறார், சக்ரீஸ்து அறைச் சாவியோடு போனவரைக் காணவில்லை. இருபது நிமிடம் கழித்து வந்தார். இரண்டு வருடம் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அந்த இடத்தில், எல்லார் காதிலும் விழக் கொட்டிவிட்டேன். "நாளையிலிருந்து நீர் வர வேண்டாம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவிக் கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு நடந்து போனார். அன்று நான் ஏற்றிய கொடி நேராகத்தான் பறந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். விலகிப் போகப் பார்த்தேன், அவரே வந்தார். "சாமி, மணி நேரத்துக்கு அடிக்கலன்னு நீங்க ஒருநாளும் எங்கிட்ட சொல்லலியே. சொல்லியிருந்தா கேட்டிருப்பேனோ இல்லியோ, அது வேற. ஆனா சொல்லல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருந்தியிருப்பேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் பொறுப்பு. சொல்வது என் பொறுப்பாக இருந்தது. இன்றைய முதல் வாசகத்தில் எசேக்கியேல் இறைவாக்கினருக்கு ஆண்டவர் சொல்வதும் இதுதானே. காவலாளன் எச்சரித்தும் ஒருவர் கேட்காவிட்டால் அது அவர் பாடு. காவலாளன் வாய் திறக்காமல் இருந்துவிட்டால் கணக்குக் காவலாளனிடம் கேட்கப்படும். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்துத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தில், அயலாரை அன்புசெய்யச் சொல்லும் கட்டளை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு வசனம் முன்னால் இருப்பது பலருக்குத் தெரியாது. இனத்தாரை உள்ளத்தில் பகைக்காதே, அவரை வெளிப்படையாகக் கடிந்துகொள் என்று சொல்லும் கட்டளை அங்கே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமல் உள்ளே வைத்திருந்தால் அது அன்பாக மாறுவதில்லை, புளிக்கிறது. என்னிடம் புளித்தது, கொடியேற்றத்தன்று பொங்கியது.

ஆகவே அந்தக் கடைக்காரரிடம் முதலில் சொன்னது, தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்பதுதான். தனியாக என்றால் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வது அல்ல. கடை மூடிய பிறகோ திறக்கும் முன்போ, இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். முதலாளி நாற்காலியிலும் அவர் நின்றுகொண்டும் இருந்தால் அது விசாரணை. (நம் கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கே 2021-இல் தமிழகச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.) சம்பளம் கொடுக்கும் நாளில் பேசக்கூடாது. அன்று அவர் கையில் பணத்தை வாங்கிக்கொண்டு நிற்கும்போது எதற்கும் தலையாட்டுவார்; மறுநாள் நினைவிருக்காது.

பிறகு, என்ன பேசுவது? "நீ சோம்பேறி" என்பது ஒரு தீர்ப்பு. அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, சண்டைதான் போட முடியும். "போன வாரம் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பதினொரு மணிக்கு வந்தீங்க" என்பது நடந்த செய்தி. அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். தாவீது அரசரிடம் நாத்தான் போனபோது, நீ கெட்ட அரசன் என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் தாவீது தன் போர் வெற்றிகளைப் பட்டியல் போட்டிருப்பார். நாத்தான் செய்த காரியத்தைச் சொன்னார். உரியாவின் பெயரைச் சொன்னார். அதனால்தான் அது உள்ளே இறங்கியது.

அதற்கும் முன்னால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். பிறர் கண்ணில் துரும்பைத் தேடுமுன் நம் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லவா? "ஒன்பதரைக்கு வரணும்னு எழுதி வச்சிருக்கீங்களா? மாசச் சம்பளம் என்னிக்குக் கொடுக்கறீங்க?" எழுதி எதுவும் இல்லை. சம்பளம் ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டியது, வியாபாரம் மந்தமானால் பன்னிரண்டு, பதினைந்து ஆகும். அதோடு அந்த ஊழியர் மகள் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். மாதாமாதம் பிடித்தம் போகிறது. அவர் விட்டுப் போக முடியாது, இவரால் அனுப்பவும் முடியாது. இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிப்போட்டதுபோல் இருந்தது நிலைமை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடல் முதல், உழைப்பவருக்கு உரிய கூலியை நிறுத்தி வைப்பது பெரும் பாவம் என்று திருச்சபை தெளிவாகச் சொல்லி வருகிறது. யாக்கோபு திருமுகம் அதற்கும் முன்னாலேயே சொன்னது. சம்பளத்தைப் பத்து நாள் தள்ளுகிற முதலாளி, ஒன்றரை மணி நேரம் தள்ளி வருகிற தொழிலாளியிடம் நேரத்தைப் பற்றிப் பேசினால் அவர் வாய் பேசாவிட்டாலும் கண் பேசும். கடைக்காரர் இதைக் கேட்டுக் கொஞ்சம் முகம் சுளித்தார். ஆனால் மறுக்கவில்லை.

அந்தச் சந்திப்பு நடந்தது. நடந்த விதத்தை அவரே வந்து சொன்னார். முதல் கால் மணி நேரம் அந்த ஊழியர் எல்லாவற்றையும் மறுத்தாராம். பிறகு மௌனம். பிறகு திடீரென்று, "கம்ப்யூட்டர் வந்தப்புறம் என்னைய எதுக்கு வச்சிருக்கீங்கன்னே தெரியல" என்றாராம். இரண்டு வருடத்துக்கு முன் கடையில் கம்ப்யூட்டர் பில் வந்திருக்கிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் பொத்தானைத் தட்டினால் சரக்கு இருக்கும் இடமும் விலையும் திரையில் வந்துவிடுகிறது. இருபத்திரண்டு வருடம் இவர் தலையில் சுமந்த கணக்கை யாரும் இப்போது கேட்பதில்லை. பையன்களைத் திட்ட ஆரம்பித்ததும் அப்போதிருந்துதான்.

காரணம் தெரிந்துவிட்டதால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன். ஏனென்றால் நாம் குருக்கள் ஒரு கண்ணீர்க் கதையைக் கேட்டதும் உடனே மன்னித்து அனுப்பிவிடுவோம். அந்தக் கண்ணீருக்கு விலை கொடுப்பது வேறு யாரோவாக இருப்பார்கள். அவமானப்பட்டு வேலையை விட்டுப் போன ஐந்து பையன்களுக்கும் வீடு இருக்கிறது, அவர்களுக்கும் அம்மா இருக்கிறார். ஒருவர்மீது காட்டும் இரக்கம் ஐந்து பேருக்கு அநீதியாகக் கூடாது. காரணம் தெரிந்ததால் கிடைத்த நன்மை, எங்கே மண்ணைக் கிளற வேண்டும் என்று தெரிந்ததுதான்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்து அத்திமரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரர் இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். நாம் இதைக் கடவுளின் பொறுமைக்கு உவமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் தோட்டக்காரர் கேட்டது சும்மா காத்திருப்பதற்கான ஓர் ஆண்டு அல்ல. சுற்றிக் கொத்தி எரு போடுவதற்கான ஓர் ஆண்டு. அதற்கு முடிவும் இருக்கிறது. காய்க்காவிட்டால் வெட்டலாம் என்று தோட்டக்காரரே ஒத்துக்கொள்கிறார். அவகாசம், உழைப்பு, எல்லை மூன்றும் அந்தச் சிறு உவமையில் இருக்கின்றன. எல்லை இல்லாத அவகாசம் கொடுப்பவரும் எரு போடாமல் கோடரி எடுப்பவரும் அந்தத் தோட்டத்துக்கு வெளியில்தான் நிற்கிறார்கள்.

கடைக்காரரும் அப்படித்தான் செய்தார். மூன்று மாதம். ஒன்பதரைக்கு வர வேண்டும். பையன்களை எல்லார் முன்னும் திட்டக்கூடாது. புதிதாக வருபவர்களுக்குச் சரக்கின் தரத்தைக் கற்றுக்கொடுக்கும் வேலை இவருக்கு. எந்தக் கீல் கடற்கரை வீட்டுக்குத் துருப்பிடிக்காமல் நிற்கும், எந்த ஆணி பனங்கட்டையில் இறங்கும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இல்லை. சம்பளம் இனி ஐந்தாம் தேதி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறாவது வாரம் மறுபடியும் ஒரு பையனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டார். இதைச் சொல்லாமல் மறைத்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். அப்போது இரண்டாம் படி. ஒன்றிரண்டு சாட்சிகளோடு போகச் சொன்னதை, ஆள் சேர்த்துக்கொண்டு ஒருவரை மடக்குவது என்று நாம் புரிந்துகொள்கிறோம். அந்தச் சாட்சிகள் இருவருக்குமே காவல். முதலாளி மிகைப்படுத்தவும் முடியாது, தொழிலாளி மறுக்கவும் முடியாது. கடையின் மூத்த கணக்கர் உட்கார்ந்தார். அந்தப் பையனும் இருந்தான். எழுத்தில் மெமோ கொடுக்கப்பட்டது. அவரும் எழுத்தில் பதில் கொடுத்தார். பையனிடம் வருத்தம் தெரிவித்தார். முழு மனதோடா என்று எனக்குத் தெரியாது, பையன் ஏற்றுக்கொண்டான்.

இந்தப் படிகள் நம் திருச்சபையில் புதியவை அல்ல. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய 73 அதிகாரச் சட்ட நூலில் எட்டு அதிகாரங்கள் இதற்கென்றே இருக்கின்றன. முரண்டு பிடிக்கும் துறவிக்கு இரண்டு முறை தனியாக அறிவுரை, அதன்பின் எல்லார் முன்பும், அதன்பின் பந்தியிலிருந்தும் செபத்திலிருந்தும் விலக்கு. இதைவிட எனக்குப் பிடித்தது, விலக்கப்பட்டவரிடம் மடத்தின் மூத்த, ஞானமுள்ள துறவிகளை அதிபர் யாருக்கும் தெரியாமல் அனுப்பி வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு. தண்டனை கொடுத்தவரே, தண்டனையில் அந்த மனிதர் நொறுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறார். நான் கோவில்பிள்ளையை அனுப்பிய அந்த இரவில் அவர் வீட்டுக்கு யாரையும் அனுப்பவில்லை.

இன்னொன்று. திருத்தினால் இன்னும் மோசமாகிவிடுவாரே, சும்மா இருப்பது மேல் என்று சிலர் கேட்பார்கள். புனித அக்குவினா தோமா இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுகிறார். சமமான இருவரிடையே அப்படி ஒதுங்குவது சில வேளை சரியாகலாம். ஆனால் பலருடைய நன்மைக்குப் பொறுப்பானவர் அந்தச் சாக்குச் சொல்லி ஒதுங்க முடியாது என்பது அவர் முடிவு. முதலாளி, தலைமையாசிரியர், மருத்துவமனை நடத்தும் சகோதரி, பங்குத்தந்தை, நாங்கள் எல்லாரும் அந்த இரண்டாவது வரிசை.

எல்லாவற்றுக்கும் இதே படிதானா என்றால், இல்லை. இதை அவசியம் சொல்லியாக வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணிடம் ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டால், நீ முதலில் தனியாகப் போய் அவரிடம் பேசு என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது நற்செய்தி அல்ல, கொடுமை. வேதத்தின் பெயரால் அப்படி அறிவுரை சொல்லப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் இதற்கான உள்புகார்க் குழு இருக்க வேண்டும். நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அதற்கு விலக்கல்ல. புகார் அங்கே போக வேண்டும், சமரசப் பேச்சுக்கு என் அறைக்கு அல்ல. சிறுவர்களைத் துன்புறுத்தினால் காவல்துறைக்கே போக வேண்டும். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் முன்பகுதியிலேயே சிறியோருக்கு இடறலாக இருப்பவரைப் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் படிக்கக் கூடாது.

சரி, எல்லாம் செய்தும் ஒருவர் மாறவில்லை. அனுப்பத்தான் வேண்டும். அது பாவமா? திருத்தூதர்கள் வாழ்விலேயே இப்படி நடந்திருக்கிறது. பவுலும் பர்னபாவும் முதல் பயணம் போனபோது மாற்கு என்னும் யோவான் உதவிக்குப் போனார். பம்பிலியா நாட்டுப் பெருகை நகரில் அவர்களை விட்டுவிட்டு எருசலேம் திரும்பிவிட்டார். இரண்டாம் பயணத்துக்கு அவரை மறுபடி அழைத்துப் போகலாம் என்கிறார் பர்னபா. பாதியில் விட்டுப் போனவரைக் கூட்டிப் போவது சரியல்ல என்கிறார் பவுல். கடும் வாக்குவாதம், இருவரும் பிரிந்தே போனார்கள் என்று திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. பர்னபாவும் மாற்கும் உறவினர்கள் என்று கொலோசையர் திருமுகத்தில் இருக்கிறது. கடையில் மச்சினனை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் இன்னும் நன்றாகப் புரியும்.

யார் சொன்னது சரி? லூக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. என் எண்ணத்தைச் சொல்கிறேன். கல்லெறியும் சிறையும் காத்திருந்த அந்தச் சாலையில், நம்ப முடியாத உதவியாளரைக் கூட்டிப் போக மறுத்தது பவுலின் உரிமை. ஒருமுறை தவறியதால் அந்த மனிதர் எதற்கும் உதவார் என்று விட்டுவிடாமல், சைப்பிரசுக்குத் தம்மோடு அழைத்துச் சென்றது பர்னபாவின் பெருந்தன்மை. இந்த மேலாளரிடம் ஒத்துவராதவர் அந்த மேலாளரிடம் ஒத்துவந்தார். ஆண்டுகள் கழித்து, சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவர் என் பணிக்குப் பயன்படுவார் என்ற பொருளில் பவுலே கேட்கிறார். வேண்டாம் என்று சொன்னவரே கேட்கிறார். மாற்குவைப் பற்றிய பழைய தீர்ப்பைத் திருத்திக்கொள்ளப் பவுலுக்கு வெட்கமாக இல்லை.

ஆகவே அனுப்புவது பாவமல்ல. அனுப்பும் விதத்தில் பாவம் சேரலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நிறுத்த முடியாது, அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பின்றி அனுப்புவதானால் விசாரணை நடத்தி ஆதாரம் பதிவாகியிருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று பணிக்கொடைக் கணக்கு இருக்கிறது. இவையெல்லாம் தொழிற்சங்கக்காரர்கள் பேச்சு, மறையுரையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் பேச்சைக் கேட்காமல் தீர்ப்பளிக்க நம் சட்டம் இடம் கொடுக்குமா என்று யோவான் நற்செய்தியில் கேட்டவர் நிக்கதேம். கேட்டது இயேசுவுக்காக.

என் கோவில்பிள்ளைக்கு முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை. பதினான்கு வருடத்துக்கு ஒரு சம்பளப் பதிவேடுகூடப் பங்கில் இல்லை. பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பங்குப் பேரவையில் சிலருக்குப் பிடிக்கவில்லை, "தப்பு செஞ்சவனுக்கு எதுக்குச் சாமி காசு?" என்றார்கள். அவர் தப்பு செய்த நாள்களுக்கு அல்ல, மணி அடித்த நாள்களுக்கு என்றேன். கணக்குப் போட்டு, இரண்டு தவணையாகக் கொடுத்தோம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லார் முன்னும் பேசியதற்கு எல்லார் முன்னும் வருத்தம் தெரிவிக்கட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சாமி, மறுபடி எல்லாரும் என்னையே பாப்பாங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகும் அவர் அந்தக் கோவிலுக்குத் திரும்பவில்லை. பக்கத்துப் பங்கில்தான் பூசை காண்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் மாற்றலாகி வரும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் முதலாளிகள் சிலர்தான். பலர் வேலை செய்பவர்கள். வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அக்காவைப் பற்றி நாலு பேரிடம் குறை சொல்லிவிட்டு அவரிடம் சிரித்துப் பேசும் தாய்மாரும் இருக்கலாம். வேலை இடத்தில் எல்லாருக்கும் தொல்லையாக இருப்பது தாமே என்று சிலருக்கு இந்நேரம் தோன்றியிருக்கவும் கூடும். அப்படித் தோன்றினால், நாளைக் காலை யாராவது வந்து உங்களைத் தனியாகக் கூப்பிட்டால், கோபப்படாமல் போய் உட்காருங்கள். அவர் என்னைவிடத் தைரியசாலி.

போன வாரம் நம் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவுக்குக் கீல் வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். மணி பத்து. அவர் இருந்தார். அளவைச் சொன்னதும், கம்ப்யூட்டரைப் பார்க்காமல் விலையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற பையன் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, போன வாரம் வெல ஏறிட்டு" என்றான். ஒரு நொடி அவர் முகம் சிவந்தது. நான் பெயிண்ட் டப்பாக்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். "எவ்வளவு?" என்று கேட்டார். பையன் சொன்னான். "சரி, அதப் போடு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கீலை எடுத்து வந்து, எந்தப் பக்கம் எண்ணெய் விட வேண்டும் என்று எனக்குக் காட்டினார்.